பெயரின் மேல் ஒரு விரல்

பழைய கான்டீன் கட்டடத்தில்தான் அந்தக் கேமராவை வைத்திருந்தார்கள். 1988, சித்திரை மாதம், பகல் இரண்டு மணி. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. உள்ளே பல்பு சூட்டின் வாசமும் மட்கிய காகிதத்தின் வாசமும்.

எங்கள் ஃபாக்டரியின் கேஷுவல் லேபர் பட்டியல் அது. அச்சடித்தது; கரையான் தின்றதுபோக மீதி. நான் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும். மேலிருந்து கேமரா படம் பிடிக்கும், கம்ப்யூட்டர் எழுத்தைத் தானே படிக்கும். அது படித்த பெயருக்கு வேலை நிரந்தரம். கையால் சேர்த்தால் திருட்டுப் பெயர் நுழையும், கூடாது என்று உத்தரவு. சாயங்காலம் தாளெல்லாம் பாய்லருக்கு.

"தேவசகாயம் அண்ணே, கைய எடுங்க. எழுத்து மறையுது," என்றாள் இன்ஜினியர் கிரிஜா.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

திரையைப் பார்த்தேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன், கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். வரிசை எண் 212, தேவசகாயம். அந்தப் பெயர்மேல் ஒரு விரல். நகம் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது.

கண்ணாடிமேல் ஒன்றுமில்லை.

"விளையாட்டு நக்கோ, வேணாம் அண்ணே. சார் வந்தா என்னைத்தான் திட்டுவாரு."

அந்த நகத்தை எனக்குத் தெரியும். பெட்டி விழுந்து அது நசுங்கியபோது துணி சுற்றிவிட்டவன் நான்தான். மெட்டுகுடா பேட்டையில் அவனுக்கும் எனக்கும் ஒரே அறை. காமாலையில் கிடந்தபோது, "கேட்ல சொல்லி என் வேலைய பிடிச்சு வைடா நடேசா," என்றான் தேவசகாயம். நான் அவன் டோக்கனை எடுத்துக்கொண்டு அவனாகவே உள்ளே போனேன். ஆஸ்பத்திரியில், செத்தவன் பெயர் நடேசன் என்று எழுதவைத்தேன்.

பதினாறு வருஷம். கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு கொடுப்பார்கள். முதியோர் வகுப்பில் நான் முதன்முதலில் எழுதப் பழகியதும் அவன் பெயரைத்தான்.

கிரிஜா மறுபடி படம் எடுத்தாள்.

விரல்.

மறுபடி.

விரல்.

"இன்னும் ஒரே தடவ. வரலேன்னா விட்டுடுவேன் அண்ணே, இருபது கட்டு பாக்கி கெடக்கு."

அந்தச் சூட்டிலும் என் கை முழங்கைவரை சில்லிட்டது. கண்ணாடிமேல் குனிந்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னேன்: "உன் பேருதாண்டா. நீயே எடுத்துக்க. எனக்கு வேலை மட்டும் போதும்."

விரல் மெல்ல நகர்ந்தது.

திரையில் பெயர் பிழையில்லாமல் வந்தது. "அப்பாடா, படிச்சிடுச்சு," என்று கிரிஜா சிரித்தாள். அன்றைக்குத்தான் பல வருஷம் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, கேட்டில் வாட்ச்மேன் பெருமாள் புதுப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டான். தினம் என்னிடம் பீடி வாங்கிக் குடிப்பவன்.

"தேவசகாயம்."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"ஹாஜர்," என்றது எனக்குப் பின்னாலிருந்து.

பெருமாள் டிக் போட்டான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நீ யாருய்யா?"