முறிகண்டியில் நிற்காத வான்

கியரை நியூட்ரலில் விட்டுவிட்டுத்தான் ஆண்டியப்பன் சாப்பிடப் போயிருந்தான். வந்து பார்த்தால் தடி இரண்டாவது கியரில் கிடந்தது.

பட்டப்பகல். கிளிநொச்சி வெயிலில் கராஜின் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவனைத் தவிர ஒரு காக்காய்கூட இல்லை. வான் பொன்னையாவுடையது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் தடி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகை. காலையில் கொண்டுவந்து விட்டபோதே அவர் அலுத்துக்கொண்டார்.

"தடி இறுகிப்போய்க் கிடக்கு ஆண்டியப்பன். ஸ்டியரிங்கும் ஆடுது. வவுனியாவில, அடிபட்ட வான் ஒண்டில இருந்து கம்பம், தடி எல்லாம் முழுசாக் கழட்டி எடுத்து வந்தனான். இதை மாத்தி விடுங்கோ."

"வச்சிட்டுப் போங்கண்ணே. நாலு மணிக்குள்ள முடிச்சிர்றேன்."

மத்தியானத்துக்குள் மாற்றியும் விட்டான். கடைசியில் கீழே படுத்துப் பார்த்தபோதுதான், வவுனியாவிலிருந்து வந்த அந்த ஸ்டியரிங் கம்பத்தின் அடியில் ஒரு வெல்டிங் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் கோணி, நடுவில் தடித்த வெல்டிங். தன் கைவேலை தனக்குத் தெரியாதா? சுகிர்தனின் வானுக்கு அவனே வைத்தது. அதற்குப் பிறகு சோறு எங்கே இறங்கும்?

சுகிர்தன் செத்து இரண்டு வருஷம். அன்றைக்குக் கம்பத்தின் மூட்டுக்குச் சரியான போல்ட் கடையில் கிடைக்கவில்லை. ஆண்டியப்பன் மெல்லிய போல்ட் ஒன்றைச் செருகி, கம்பியால் சுற்றிக் கட்டி, "கல்லு மாதிரி இருக்கு, பயப்படாம போங்க தம்பி" என்று, வழக்கம்போல வெற்றிலை மென்றபடி நின்ற சுகிர்தனை அனுப்பிவைத்தான். மாங்குளத்துக்கு அப்பால் ஸ்டியரிங் சும்மா சுற்ற, வான் லொறிக்கு அடியில் போனது. செத்த வீட்டில் ஆளாளுக்குக் காரணம் தேடியபோது இவன் வாய் கூசாமல் சொன்னான்: "முறிகண்டியில நிப்பாட்டாமப் போனாரு. பின்னால வந்த நான் கண்ணால பார்த்தேன்."

அந்த வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று ஒரு கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாது. ஆகவே அதற்கு மேல் யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. சுகிர்தன் திமிர் பிடித்தவனானான். அவன் மனைவி பிரஷாந்தினி இன்றைக்கும் அதே கோயிலடியில் கச்சான் கடலை விற்கிறாள். புருஷன் செய்யாத குற்றத்துக்குத் தினமும் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஆண்டியப்பன் அவளிடமே கச்சான் வாங்கித் தின்றிருக்கிறான். பாவி.

இந்த முறை அவன் ஏனோதானோவென்று விடவில்லை. புது போல்ட். மூன்று தரம் இறுக்கினான். கம்பத்தைப் பிடித்து உலுப்பினான். இம்மியும் அசையவில்லை. ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டால் முடிந்தது. வானைப் பொன்னையாவின் தலையில் கட்டிவிடலாம்.

வீதியில் ஏறியதும் வெற்றிலை மணம் வந்தது. ஆண்டியப்பன் வெற்றிலை போடுவதில்லை. கிரீஸ் நாற்றத்துக்கும் சூடான ரெக்சீன் நாற்றத்துக்கும் நடுவில், பக்கத்தில் யாரோ சுண்ணாம்பு தடவி மெல்வதுபோல, அந்த மணம் முகத்துக்கு நேரே வந்தது. ஸ்டியரிங் வெயிலில் கிடந்த இரும்பாய் இருந்திருக்க வேண்டும். ஆனால் மனிதச் சூட்டில், கொஞ்சம் வியர்வைப் பிசுபிசுப்போடு இருந்தது.

இரணைமடுச் சந்தியில் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை.

இறுகிய ஸ்டியரிங் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இது இறுக்கம் இல்லை. அவன் வலப்பக்கம் இழுக்க, எதிர்ப்பக்கம் இன்னொரு பலம் பொறுமையாக இழுத்தது. வீதியின் வளைவுக்கு வளைந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு மரியாதையாக ஒதுங்கியது. நன்றாக ஓட்டிப் பழகிய கை.

தடி தானாக மூன்றாவதுக்குப் போனது.

பிரேக்கை மிதித்தான். கல். சாவியைத் திருகி உருவினான். சாவி கையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் விரல்களின் மேல் வேறு விரல்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. நகம் பதிந்தது.

"தம்பி... சரியான போல்ட் இல்லாமத்தான்... நான் பொய் சொன்னேன்! எல்லாருகிட்டயும் சொல்லிர்றேன், நிப்பாட்டுங்க!"

வெற்றிலை மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

முறிகண்டி. வரிசையாக நின்ற பஸ்கள். கற்பூரப் புகை. தேங்காயை ஓங்கிய கை அப்படியே நின்றது. சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நிப்பாட்டாமப் போறான் பார்!" என்று யாரோ கத்துவது மூடிய கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது. கண்ணாடியில் நெற்றியை மோதி மோதி ஆண்டியப்பன் கத்தினான். அவன் கத்துவதை யாரும் கேட்கவில்லை.

பிரஷாந்தினி கச்சான் கடையை விட்டு எழுந்து வீதியோரம் வந்தாள். அவள் ஆண்டியப்பனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அவன் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"போயிட்டு வாங்கோ," என்றன அவள் உதடுகள்.

தடி நாலாவதுக்கு விழுந்தது. பக்கக் கண்ணாடியில், விடிகாலை வேலைக்குப் போகிற புருஷனை வழியனுப்பும் பெண்ணாக, அவள் சிரித்தபடி கையசைத்துக்கொண்டே நின்றாள்.