முப்பத்தைந்து நிமிடத் தூரம்

"நாற்காலில பேர் எழுதியிருக்கா என்ன?"

சண்டைக்குத் திறந்த அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல்...

விமான நிலையத்தின் சின்ன கேன்டீன். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஓடுபாதையை மூடிவிட்டதால், மேலே கோபுரத்தில் விமானங்களை வழியனுப்பும் வேலை பார்க்கும் அவள் டீ குடிக்க இறங்கி வந்திருந்தாள். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டுப் போய் டீ வாங்கி வருவதற்குள், பையை மேசைக்கு மாற்றிவிட்டு நனைந்த தலையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

மூன்று வருடமாகக் கேட்கும் குரல். மலைக்கு அந்தப்பக்கத்து ஊர் விமான நிலையத்தில் அவனுக்கும் இதே வேலை. பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். இங்கிருந்து ஏற்றிவிட்டு அவள் தொலைபேசியில் "கிளம்பிடுச்சு" என்பாள். அங்கே கோபுரத்திலிருந்து அவன் "வந்துடுச்சு" என்பான். என்றைக்காவது "அங்க மழையா?" என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும். அம்மா போன பிறகு தானே பூட்டைத் திறந்து தானே விளக்கைப் போடும் வீட்டில், அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரத்தை ஓட்டுவாள்...

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து அவளுக்கு இடம் விட்டான். மழைத்துளி தங்கிய இமைகள்... குரலுக்கு ஏற்ற கண்கள்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடுமே!

எங்கிருந்தோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனே பேசினான். மழைக்கு முன்னால் இறங்கிவிட்டானாம், வெளியே ஒரு டாக்ஸிகூட இல்லையாம். இங்கே கோபுரத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாளே, தெரியுமா என்று கேட்டான்.

'நான்தான்' என்ற சொல் உதடுவரை வந்துவிட்டது.

"அக்கா இந்த ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கா. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போகணும்..."

வந்த சொல்லை விழுங்கிவிட்டுத் தெரியாது என்று தலையாட்டினாள். வேலைக்காகப் பேசின நாலு வார்த்தையை நம்பி மனக்கோட்டை கட்டியது யார் தப்பு? அழுகை முட்டியது. இவன் முன்னால் அழுவதா? எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து போன். மழை விட்டுவிட்டதாம், காத்திருந்த விமானம் போய்விட்டதாம்.

"கிளம்பிடுச்சா?" என்றாள், தன்னை மறந்து.

அவன் நிமிர்ந்தான்.

"நீங்களா...? ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?"

"பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட வேற என்ன சொல்றது?"

அவன் ஈரத்தலையைக் கோதிக்கொண்டான். "அக்கா ஊர் ஊரா பொண்ணு சொன்னா. எல்லாத்துக்கும் வேண்டாம்னேன். இந்த ஊர்னு சொன்னப்பதான் சரின்னேன்... பொண்ணு யாருன்னுகூடக் கேக்கல."

தனக்காகத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறான்! ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு பாவம் இல்லையா? வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்..."

அவன் அங்கேயே அக்காவுக்குப் போன் செய்து இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றான். அக்கா வெளுத்து வாங்கியது மேசைக்கு இந்தப்பக்கம் வரைக்கும் கேட்டது. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, பெண் வீட்டுக்கு நேரில் போய்த் தானே மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

"சொல்லிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"உங்க குரலைக் கேக்கணும்னே காய்ச்சல் அடிச்ச நாள்லகூட வேலைக்கு வந்திருக்கேன்..." தலை தானாகக் குனிந்தது. "இன்னிக்கு இருக்க மாட்டேனா?"

அவன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

வீட்டில் யாருமில்லாதவள், அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.