ஜுனைட் மச்சானின் பச்சைக் கோடு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர் நிப்றாஸ் தன் மூத்த சகோதரி, ராத்தா றுஸ்தாவின் புருஷன் ஜுனைடை மௌத்தாக்கினான். கைபேசியில்தான், பகிடிக்குத்தான். அந்த மரண அறிவித்தலை அனுப்ப நினைத்த இடம் மச்சான்மார் நான்கு பேர் மட்டும் இருக்கிற வாட்ஸ்அப் குழு. போய் விழுந்த இடம் சாய்ந்தமருதில் அவர்களுடைய மஹல்லாவாசிகள் எழுநூறு பேர் இருக்கிற ஜனாஸா அறிவித்தல் குழு. மச்சான்மார் குழுவுக்கும் ஜனாஸாக் குழுவின் அதே மினாராப் படத்தை வைத்த புத்திசாலியும் அவன்தான்.

பகிடிக்கு ஒரு காரணம் இருந்தது. நிப்றாஸ் வீடியோ விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறவன். இருநூற்றுச் சொச்சம் பேர் வாசிக்கிற இணையத்தளம். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர். இந்தக் கிழமை எழுத வேண்டியது ‘கீழ்மாடி’ என்ற திகில் விளையாட்டின் இரண்டாம் பாகம். தனியே விளையாட முடியாது, இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் ஏறிய ஒரு கட்டடத்தின் அடியில் இருவரும் மாட்டிக்கொள்ள, கண்ணில்லாத ஒன்று அங்கே உலாவுகிறது. அதற்குக் காது உண்டு. விளையாடுகிறவர்களின் மைக்கில் விழுகிற உண்மையான சத்தம் அதற்குக் கேட்கும். திரையின் மூலையில் ஆளுக்கொரு பச்சைக் கோடு. இருமினால், சிரித்தால், கதிரை கிறீச்சிட்டால் கோடு துள்ளும், கண்ணில்லாதது அந்தப் பக்கம் திரும்பும். ஜுனைட் அதற்குச் ‘செவிடன்’ என்று பெயர் வைத்து, தன் பகிடிக்குத் தானே சிரித்து, வெள்ளி காலையில் மட்டும் பதினொரு தடவை செத்தான். பதினோராவது சாவுக்குத்தான் நிப்றாஸ் அறிவித்தல் எழுதினான்: பெயின்ட் கடை ஜுனைட் காலமானார்கள், நல்லடக்கம் இன்று மாலை அஸர் தொழுகையின் பின்னர்.

பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு ஒலிபெருக்கியில் தன் வசனங்களைத் தானே கேட்டான். பக்கத்தில் இருந்த ஜுனைட் பழக்கத்தில் ஊரோடு சேர்ந்து ‘இன்னா லில்லாஹி’ சொல்லி முடித்த பிறகுதான் தலையைத் திருப்பினான்.

“அடேய், என்ட பேரல்லவா சொல்றாங்க.”

எழுநூறு பேருக்கு நடுவில் எழும்பி நின்று, மௌத்தானவர் இந்தா இருக்கிறார், மௌத்தாக்கினவன் நான்தான் என்று நிப்றாஸ் ஒப்புக்கொண்டான். தன் எழுத்துக்கு இதைவிடப் பெரிய கூட்டம் இனிக் கிடைக்காது என்று பிறகு நினைத்துக்கொண்டான். மறுப்பு அறிவித்தல் வந்தது. இருவரும் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் வாடகைக் கதிரைகள் இறங்கியிருந்தன. மையத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அடுத்த வீட்டு ஸகியா சோறும் கறியும் அனுப்பியிருந்தாள். றுஸ்தா அழுத கண்ணோடு கதவைத் திறந்து, புருஷனை மேலும் கீழும் பார்த்து, தம்பியின் முதுகில் ஒன்று போட்டாள். ஜுனைட் தன் மௌத்துச் சோற்றை இரண்டு கோப்பை தின்றான். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மையத்துக் குழி வெட்டுகிற அபூசாலி காக்கா மறுப்பு வருமுன்னரே மண்வெட்டியோடு போய்விட்டார். அவரிடம் கைபேசியும் இல்லை. அஸருக்குப் பிறகு மச்சான்மார் இருவரும் மன்னிப்புக் கேட்கக் கடற்கரை மையவாடிக்குப் போனார்கள். குழி தயாராக இருந்தது. ஆள் இல்லை, தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நிப்றாஸ் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம்.

“மச்சான், ஒருக்கா உள்ளுக்குப் படுங்களன். விமர்சனத்துக்குப் படம் ஒண்டு.”

“உனக்கு விசர்டா,” என்றான் ஜுனைட். சொல்லிக்கொண்டே வெள்ளைச் சேட்டின் கையை மடித்தான். கேட்டால் மறுக்கத் தெரியாத ஆள்.

குழியின் அடியில் மணல் கறுத்து, ஈரமாக, யாரோ அப்போதுதான் கையால் தடவிச் சமப்படுத்தியது போல் கிடந்தது. உப்புக் காற்றையும் மீறி, நெடுநாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் வாடை மேலே வந்தது. ஜுனைட் வலப்பக்கம் சரிந்து படுத்துக் கண்ணை மூடினான். ஒரு படம். கடல் இரைச்சல் ஒரு நொடி நின்றது போலிருந்தது, காற்று மாறியிருக்கும். நிப்றாஸ் கையை நீட்டினான். பிடித்த கை ஈரமாக இருந்தது. எடையே இல்லை, வெறும் வாளி கிணற்றிலிருந்து வருவது போல இழுத்ததும் வந்துவிட்டது. குழிக் கரையில் நின்று மணலைத் தட்டும்போது இன்னொரு படம்.

“எப்பிடி, அளவு சரியா?”

ஜுனைட் சிரிக்கவில்லை. “சரி,” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே முன் ஹோலுக்குப் போய்ச் சோபாவில் இருந்தான். அந்தி மஃரிபுக்கு முன்னர் அபூசாலி அடுப்படிக் குசினிப் பக்கக் கேற்றில் நின்று றுஸ்தாவோடு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்ததை நிப்றாஸ் கண்டான். றுஸ்தா மெதுவாக நிலத்தில் குந்தினாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு அவரோடு போனாள். இரவு இஷாவுக்குப் பிறகுதான் வந்தாள். குழி வீணானதற்கு மனுஷன் முறையிட்டிருப்பார் என்று நினைத்தான்.

“என்னவாம் ராத்தா?”

“ஒண்டுமில்ல. நீ உன்ட வேலையப் பாரு.”

அவளுடைய சேலை முந்தானையில் மணல் ஒட்டியிருந்தது.

அது றுஸ்தாவின் சீதன வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண், கட்டுகிற பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டியவன். நிப்றாஸின் வீடு இன்னும் யாரோ ஒரு மாமனாரின் யோசனையில்கூட இல்லாதபடியால், பின்னால் சாமான் அறையில் கணினியோடு குடியிருந்தான். உம்மாவும் வாப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் அவனை ஒரு ஆளாக மதித்துச் சிரிக்கிறவன் ஜுனைட் ஒருவன்தான். அந்தச் சிரிப்பைத் தொலைத்துவிட்டேனோ என்பதுதான் அவனுடைய பயம். அந்தக் கிழமை முழுவதும் வேறு எந்தப் பயத்துக்கும் அவனிடம் இடம் இருக்கவில்லை. உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. ஊசி போட்ட கன்னம் மாதிரி.

சனிக்கிழமை நண்பகல் லுஹருக்குப் பிறகு, யன்னலை அடைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “விளையாடுவமா மச்சான்?” என்றான். பெயின்ட் கடை பூட்டிக் கிடந்தது. ஜுனைட் காலையிலிருந்து சோபாவை விட்டு எழும்பவில்லை.

“விளையாடு,” என்றது குரல்.

ஜுனைட் எப்போதும் ஹோல் சோபாவிலிருந்து தன் மடிகணினியிலும் மைக்கிலும்தான் விளையாடுவான். சாமான் அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர்தான். ஜுனைட் கதைத்தால் அவனுக்கு எப்போதும் இரண்டு தடவை கேட்கும். முதலில் சுவர் வழியாக, அரை நொடி பிந்திக் காதுக்குள். இன்று ஒரு தடவைதான் கேட்டது. காதுக்குள் மட்டும். ராத்தா ஏதாவது துணியைச் சுவரோரம் தொங்கவிட்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு விளையாடினான்.

பிறகு பச்சைக் கோட்டைக் கண்டான். அவனுடைய கோடு ஓயாமல் நடுங்கியது. மேலே காற்றாடி உறுமியது, மதில் மேல் காகம் கத்தியது, அவனுடைய மூச்சே போய்வந்தது, எல்லாவற்றுக்கும் அது சிலிர்த்தது. ஜுனைடின் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகக் கிடந்தது. குரல் வந்தால் ஒரு சின்ன மேடு. குரல் நின்றால் நேர்.

“மச்சான், மைக்கில கை வெச்சி மூடிட்டீங்களா?”

“இல்ல.”

“மூச்சுக் கூடக் கேக்கல்ல.”

“விளையாடு.”

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பள்ளி ஒலிபெருக்கி அந்தத் தெருவில் கோப்பைகளைக்கூட அதிர வைக்கும். நிப்றாஸின் கோடு திரையின் பாதி வரை எழும்பியது. மற்றக் கோடு அசையவில்லை. அவன் குறிப்பேட்டில் எழுதினான்: ‘ஒலி உணர்திறனில் கோளாறு இருக்கலாம். இரண்டாவது ஆளுக்கு மட்டும்.’ எழுதிய கை யாருடையதோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜுனைட் ஒரு தடவைகூடச் சாகவில்லை. பதினொரு தடவை செத்த மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் நடு மண்டபத்தால் நிமிர்ந்து நடந்தான். செவிடன் எதிரே வந்தது. நிப்றாஸ் ஒரு அலுமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தான். அது ஜுனைடின் முகத்துக்கு முன்னால் குனிந்தது. நெடுநேரம் காது கொடுத்தது. ஒன்றும் இல்லை என்று கண்டதும், விலகி வழி விட்டது.

“கோவமா மச்சான்? ஏசுங்களன். ஏசினா எனக்கு நல்லா இரிக்கும்.”

“விளையாடு.”

அன்று சோறு தின்ன ஹோலால் போனபோது சோபாவுக்கு மேலே மச்சானின் பிடரி தெரிந்தது. முன்னால் முதல் நாள் வைத்த சோறு தொடாமல் காய்ந்திருந்தது. அந்தத் தொட்டி வாடை. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் றுஸ்தா ஒரு கட்டில் விரிப்பை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அவள் வெள்ளை உடுத்திருந்தாள். புருஷன் போய் இத்தா இருக்கிறவள் உடுக்கிற மாதிரி வெள்ளை.

“என்ன ராத்தா இது உடுப்பு?”

“சாப்பிடு.”

“மச்சானுக்குச் சோறு போடல்லயா?”

“சாப்பிட்டிட்டுப் போய் விளையாடு, நிப்றாஸ். அவரோட கதை. கதைச்சிட்டே இரி.” திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அவள் ஒருநாளும் அவனை விளையாடச் சொன்னவள் இல்லை.

திங்கட்கிழமை அபூசாலியைத் தெருமுனையில் பிடித்தான். மனுஷன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

“காக்கா, அந்தக் குழிய மூடிட்டீங்களா?”

“மூடியாச்சி.”

“வெறுங்குழியத்தானே?”

அபூசாலி அவனுடைய கையைப் பார்த்தார். வலக்கையை. “ராத்தாட்டக் கேளுங்க தம்பி,” என்று மிதித்துப் போய்விட்டார்.

ராத்தாவிடம் கேட்கவில்லை. விமர்சனத்துக்குப் படம் தேட உட்கார்ந்தான். இப்படிப்பட்ட நேரத்தில் படம் தேடுகிறவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். முதலாவது படத்தில் ஜுனைட் குழியில் கண்மூடிப் படுத்திருந்தான். இரண்டாவதில் கரையில் நின்று மணலைத் தட்டினான். அவனுடைய காலுக்குப் பின்னால் குழியின் ஓரம் தெரிந்தது. ஓரத்துக்குள் கொஞ்சம் வெள்ளை. மடித்த சேட்டுக்கையின் வெள்ளை. பொலித்தீன் பையாக இருக்கும். கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுப் படத்தைச் சேமித்தான்.

செவ்வாய்க்கிழமை கடைசிக் கட்டம். பகல் மூன்று மணி. வெளியே வெயில் தகரக் கூரையில் டிக் டிக்கென்று வெடித்தது. அறைக்குள் இருட்டு. இருவரும் இரும்பு ஏணியில் ஏற வேண்டும், ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நிப்றாஸ் முதலில் ஏறினான். குனிந்தான். கறுத்த தண்ணீரிலிருந்து ஒரு கை நீண்டது. பிடித்தான். வந்துவிட்டது. கதவு திறந்தது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடின.

“முடிஞ்சிதா?” என்றது குரல்.

“ஓம் மச்சான். முடிஞ்சி.”

“இனி இல்லையா?”

“இல்ல.”

பச்சைக் கோடு. நேர்.

ஹெட்செட்டைக் கழற்றினான். சுவர் வழியாக ஒரு சத்தம் கேட்டது. நான்கு நாளில் முதல் தடவை. சோபாவின் கம்பி. எடை அமர்ந்ததால் அல்ல, எடை எழும்பியதால்.

பின்கதவால் சுற்றிக் குசினிக்குப் போனான். ஓடவில்லை. ஓடினால் பயந்ததாகிவிடும். றுஸ்தா தரையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, முடிச்சிட்டன்.”

கத்தி நின்றது.

“ஏன்டா முடிச்சாய்,” என்றாள். ஏசுகிற குரல் இல்லை. களைத்த குரல்.

“ஹோலில இரிக்கிறது ஆரு?”

விரிப்புத் திரைக்குப் பின்னால் அடி வைக்கிற சத்தம். ஈரச் சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று.

றுஸ்தா கத்தியைக் கீழே வைத்தாள். “அபூசாலி காக்கா குழிய மூடப் போக்குள்ள உன்ட மச்சான் அதுக்குள்ள கெடந்தாரு. வலப்பக்கம் சரிஞ்சி, கண்ண மூடி. நான் போய்த் தொட்டுப் பாத்தன், ஒடம்பு குளிர்ந்து போயிரிந்திச்சு. நாலு பேரு தொழுவிச்சி அடக்கினாங்க. வீட்டுக்கு வந்தா ஹோலில அவரு இரிக்காரு. ஆரிட்டப் போய்ச் சொல்ற? நீ விளையாடக் கூப்பிடுவாயெண்டு அது இரிந்த எடத்தில இரிந்திச்சு. நீ கதைக்கிற வரைக்கும் ஒழும்பல்ல.”

விரிப்பின் அடியில் இரண்டு பாதங்கள். விரல் இடுக்கெல்லாம் கறுத்த மணல். தண்ணீர் சொட்டி, சீமெந்துத் தரையில் பரவி, அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. துணி மெல்லப் புடைத்தது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

“அப்ப,” என்றான் நிப்றாஸ். நாக்கு மரத்திருந்தது. “அப்ப நான் கையப் புடிச்சி இழுத்தெடுத்தது?”

“அது மச்சானில்ல,” என்றாள் றுஸ்தா.