பொய்க் காசு வள்ளல்

மழை மட்டும் ஒரு ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால், அவள் வந்த வேலையை முடித்துக்கொண்டு அப்படியே போயிருப்பாள். யாரையும் பார்த்திருக்க மாட்டாள். யாரையும் நோகடித்திருக்கவும் மாட்டாள்...

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியம் வரைதான் வேலை. லென்ஸ் மாற்றிய கண்ணாடி ஒன்றை, இரண்டு தெரு தள்ளி மாடியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவரிடம் கொடுக்க வந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பினால், சோவென்று மழை. கையில் குடையும் இல்லை.

"இந்த மழையில எங்கம்மா போறீங்க? உட்காருங்க. எங்களுக்கும் ஒரு ஆள் குறையுது" என்றார் கடைக்காரர்.

நீள மேசை. சுற்றி நாலு பேர். நடுவில் பகடைகள். விளையாட்டு இதுதான்... கடைக்காரர் ஒரு கதை சொல்வார். காடு, கோட்டை, குகை, டிராகன் எல்லாம் வரும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். போர்வீரன், மந்திரவாதி, திருடன். இந்த இடத்தில் நான் இதைச் செய்கிறேன் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவள் கையில் 'வாள்வீச்சுக்காரி' என்று எழுதிய ஒரு தாளைத் திணித்தார்கள். முதல் சண்டையிலேயே பகடை அவள் பக்கம் விழுந்தது. குகைக்குள் ஒரு பெட்டி நிறையப் பொற்காசு.

"ஆட்டத்தை முடிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே கேள்வி" என்றார் கடைக்காரர். "உங்க பங்கை என்ன பண்ணப் போறீங்க?"

ஒருவர் கவசம் என்றார். ஒருவர் மந்திரக்கோல் என்றார். அவள் முறை வந்தது.

"இந்த ஊர்ல... ஒரு சின்ன வீடு என்ன விலை?"

மேசையே சிரித்தது. எதிரில் இருந்தவன்தான் அதிகம் சிரித்தான். நிமிர்ந்து முறைத்தாள். சிரித்துச் சிரித்து நீர் கோத்த கண்கள்... ஒரு நாளைக்கு நாற்பது பேர் கண்ணைப் பார்ப்பவள் அவள். இப்படி எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத கண்ணை அவள் பார்த்ததே இல்லை. இருந்தும் கோபம்தான் வந்தது.

"மேடம், வெளியில டிராகன் வருது. நீங்க வீட்டு விலை கேக்கறீங்க!"

"டிராகன் வந்தா சார் எங்க போய் ஒளிவீங்க? என் வீட்டு வாசல்லதானே வந்து கதவைத் தட்டணும்?"

"தட்டினா திறப்பீங்களா?"

"யோசிக்கணும்..."

மழை எப்போது விட்டது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குடையோடு வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். அந்த விளையாட்டில் தங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. மூன்று மாதத்தில் எல்லோரிடமும் குவிந்து கிடந்தது. வாங்கத்தான் எதுவும் மிச்சமில்லை. கவசத்துக்கு மேல் எத்தனை கவசம் போட முடியும்? அவன் கையில் மட்டும் காசு தங்காது. கடைக்காரர் கடைசிக் கேள்வியைக் கேட்டதும், அவன் பகடையை உருட்டிக்கொண்டே சொல்வான்.

"நம்ம மேடம் வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டிடுங்க. பாவம், தண்ணிக்கு எவ்வளவு தூரம்தான் நடப்பாங்க?"

ஒரு வாரம் கிணறு. ஒரு வாரம் கிழக்கே பார்த்து ஜன்னல். ஒரு வாரம் வாசலில் தாழ்வான படி, பிடித்து ஏறக் கைப்பிடி. மற்றவர்கள் அவனுக்கு வள்ளல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'ஒரு ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தோணுது?' என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொன்றையும் தன் தாளில் படமாக வரைந்து வைப்பாள்.

நிஜத்தில் அவள் வீடு இரண்டு அறை. அப்பா, அம்மா, தங்கை, அவள். இருக்கும் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இதை அவள் அவனிடம் சொன்னதில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன் என்பதைத் தவிர அவளுக்கும் எதுவும் தெரியாது. எவ்வளவு கழுவினாலும் போகாத கிரீஸ் அவன் நகக்கண்ணில் இருக்கும். அந்த நகத்தைக்கூட அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது... அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து அவளும் அப்பாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் மட்டும் ஏழு வீடு. ஏழாவது வீட்டில் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அங்கிருந்து நேராக வந்து மேசையில் உட்கார்ந்தாள்.

அன்று டிராகன் செத்தது. மலை போலத் தங்கம். கடைக்காரர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவன் துள்ளினான்.

"என் பங்கு மொத்தமும் எடுத்துக்கோங்க. மேடம் வீட்டுக்கு ஒரு மாடி கட்டுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ...

"நிறுத்துங்க சார். இந்தக் காசுக்கு வெளியில ஒரு டீ குடிக்க முடியுமா? பொய்க் காசுல யார் வேணா வள்ளல் ஆகலாம். நிஜத்துல ஒரு செங்கல் வாங்கித் தர வக்கு இருக்கா உங்களுக்கு?"

கைதட்டல் நின்றது. அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிவதை அவள் பார்த்தாள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்களே... அந்த நொடியே அள்ளிவிடத்தான் துடித்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

"சரிங்க" என்றான். மேடம் என்று சொல்லவில்லை. தன் பகடைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. 'அவரே வரட்டும், வந்தா மன்னிப்புக் கேட்கலாம்' என்று காத்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. 'தேடிப் போனா என்ன நினைப்பாரு?' என்று ஒரு மாதம் போனது. 'இவ்வளவு நாள் கழிச்சு என்ன முகத்தோட போறது?' என்று இன்னும் இரண்டு மாதம் போனது. அதற்குள் ஊர்க்கோடியில் ஒரு வீடு கிடைத்துக் குடிபோயிருந்தார்கள். புது வீட்டிலும் தூக்கம் வரவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கடைக்காரரிடம் போன் நம்பர் கேட்டாள்.

"அது கம்பெனி குடுத்த நம்பர்மா. கம்பெனி மாறிட்டான் போல. இப்ப வேற யாரோ எடுக்கறாங்க" என்றவர், இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவன் விட்டுப்போன தாள். மூலையில் அவன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீண்டு சுழித்திருந்தது.

எந்த லிஃப்டிலும் ஒரு அட்டை தொங்குமே... மாதாமாதம் சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. அது ஞாபகம் வந்தது அவளுக்கு. அதன்பிறகு வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் லிஃப்ட் ஏறினாள். வங்கி, அலுவலகம், மருத்துவமனை, யார் யாரோ குடியிருக்கும் கட்டடங்கள். "யாரைம்மா பார்க்கணும்?" என்று காவலாளிகள் கேட்டபோது திருதிருவென்று விழித்தாள். ஐந்து வாரம் கழித்து, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில், அந்தச் சுழித்த வால் கிடைத்தது. அட்டையில் ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி.

பன்னிரண்டாம் தேதி லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குத் தோளில் சாமான் பையோடு வந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களா?" என்றான் மெதுவாக.

"நான்தான் மாட்டிக்கிட்டேன். நாலு மாசமா..."

அவன் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தாங்க. அந்தக் கோபத்தை உங்க மேல காட்டிட்டேன். காரணம் எதுவா இருந்தாலும் தப்பு தப்புதான்."

அவன் பையை இறக்கி வைத்தான். அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை. எங்கிட்ட நிஜமாவே எதுவும் இல்லை" என்றான். "எங்கம்மா ரெண்டு வருஷமா படுக்கையிலேயே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனதும் அன்னைக்கு நடந்த கதையை அவங்களுக்குச் சொல்லுவேன். அவங்களுக்கு டிராகன் எல்லாம் வேண்டாம். உங்க வீடுதான் வேணும். 'அந்தப் பொண்ணு தண்ணிக்கு எங்கடா போவா? ஒரு கிணறு வெட்டிக் குடு'ன்னு அவங்கதான் சொன்னாங்க. ஜன்னல், படி, மாடி... எல்லாம் அவங்க யோசனை. நான் காசைக் குடுத்ததோட சரி."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்...?"

"அப்புறம் நான் போறதை நிறுத்திட்டேன். ஆனா அவங்க விடலையே... 'மாடி கட்டி முடிச்சாச்சா? அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சிருந்துதா?'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. 'ரொம்பப் பிடிச்சுதுமா'ன்னு சொன்னேன். ஒன்பது ஞாயிறு நானா கதை கட்டிச் சொன்னேன். பத்தாவது ஞாயிறு அவங்க இல்லை."

ஒன்பது ஞாயிறு... 'அவரே வரட்டும்' என்று அவள் உட்கார்ந்திருந்த ஞாயிறுகள்! ஒரே ஒரு நாள் படியிறங்கித் தேடிப் போயிருந்தால், அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, 'எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா' என்று அவளே சொல்லியிருக்கலாம். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

"நீங்க அப்பவே வந்திருக்கலாம்" என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதுதான் இன்னும் வலித்தது.

"வந்திருக்கணும்..." என்றாள். சாக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னொண்ணும் அப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அப்போலேர்ந்து. இதை உங்ககிட்டேர்ந்து எதுவும் எதிர்பார்த்துச் சொல்லலை. இதையும் சொல்லாம நாளைக் கடத்தினா, அப்புறம் என்னையே என்னால மன்னிக்க முடியாது."

மேலே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டினான்.

"அந்த வார்த்தை இன்னும் வலிக்குது" என்றான்.

"தெரியும்."

"ஆனா வேற யாரையும் நினைக்க முடியலை. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப." குரல் உடைந்தது. "இதை இன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை."

அவள் எழுந்து, இடையில் இருந்த இரண்டு படியையும் இறங்கி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.