சுரங்கத்தின் மறுமுனை

இரண்டு குளிர்காலமாக ஒருநாளும் கேட்காத கேள்வியை அன்று ஐலாவின் திரை கேட்டது. ‘இந்தக் கணினியை இதற்குமுன் கண்டதில்லை. நம்பலாமா?’

வடதுருவத்தை ஒட்டிய கெமி நகரத்துக் காகிதக்கூழ் ஆலையில், மதியம் இரண்டு மணிக்கே சன்னல்கள் கறுத்துப்போயிருந்தன. வேகும் மரத்தின் கந்தக வாடை சுவர்களைத் தாண்டி வந்து அவளுடைய கம்பளிச் சட்டையில் படிந்திருந்தது. பக்கத்து சர்வர் அறையின் மின்விசிறிகள் ஒரே சுருதியில், தூங்கும் பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவதைப்போல இரைந்துகொண்டிருந்தன. இணையப் பக்கங்களைத் தவிர வேறெதையும் அந்த அறையிலிருந்த ப்ராக்ஸி சர்வர் என்ற ஆலையின் காவல் கணினி வெளியே விடாது. அதனால் ஐலா தன் வீட்டுக் கணினிக்குப் போகும் ரகசிய இணைப்பை, இணையப் பக்கம் போல வேடமிட்டு, சுரங்கப் பாதைபோல அந்த சர்வர் வழியாகவே அனுப்பி வந்தாள். வீட்டு வாசற்கதவின் பூட்டு அந்தக் கணினியின் பிடியில் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கணவன் வெய்க்கோவால் எழுந்துபோய்க் கதவைத் திறக்க முடியாது. தினமும் இரண்டு மணிக்கு வரும் நர்ஸுக்கு அவள்தான் இங்கிருந்து திறந்துவிடுவாள்.

“மறுபடியும் சுரங்கம் தோண்டுறியா?” என்றான் எதிர்மேசை தார்மோ. “வீட்ல புருஷன வச்சிருக்கியா, புதையல வச்சிருக்கியா?”

“புதையலா இருந்தா இவ்வளவு முனகாது.”

புதிய கணினி என்று திரை சொன்னால், வீட்டுக்குப் போன் செய்து அடையாள எண்ணை ஒத்துப்பார்த்த பிறகே ‘ஆம்’ சொல்ல வேண்டும். அந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நர்ஸ் பனியில் நிற்பாளே என்று ‘ஆம்’ அடித்தாள். பிறகு ‘திற’.

போன் அடித்தது. வெய்க்கோ.

“கதவை எதுக்குத் திறந்த? குளிர் உள்ள வருது. சாலை முழுக்கப் பனியாம், நர்ஸ் இன்னைக்கு வரலையாம். இப்பதான் சொன்னா.”

“அப்போ வாசல்ல யாரு?”

“தெரியல. விளக்குமாறால பூட்ஸ்ல ஒட்டின பனியத் தட்டுறாங்க.” சிரித்தான். “மரியாதக்காரன்தான்.”

வெய்க்கோவை யாரும் தொந்தரவு செய்யாதிருக்க, அந்த விளக்குமாற்றைக் காலையில் அவளே கதவில் சாய்த்து வைத்திருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும் அடையாளம் அது. கண்டால் யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

வீட்டுக் கணினிக்குள் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று திரையில் கேட்டாள். இரண்டு வரிகள் வந்தன, அவளுடையது ஒன்று, இன்னொன்று யாருடையதோ. இரண்டும் ஒரே விநாடியில் தொடங்கியவை. இரண்டும் இதே ஆலையின் ப்ராக்ஸி சர்வரிலிருந்து.

தார்மோ எட்டிப் பார்த்தான். சிரிப்பு அணைந்தது. “அடையாளத்த ஒத்துப்பாத்தியா?”

அவள் ‘பூட்டு’ என்று அடித்தாள். எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. மறுபடி அடித்தாள். அழிந்தன.

“ஐலா,” என்றது போன், தணிந்து. “அடுப்புப் பக்கத்துல இருந்த கோடரிய எடுக்குது.”

“வெய்க்கோ, அறைக்குள்ள போ! தவழ்ந்தாவது போ!”

“முகமே இல்...”

முதல் அடி ஊன்றுகோலில் விழுந்தது. மரம் பிளக்கும் ஓசை. இரண்டாவது மரமில்லை. ஈரமான, கனத்த ஓசை. அதன்பின் அவன் அலறினான், அவள் பதினெட்டு வருடத்தில் கேட்டறியாத குரலில். மூன்று. நான்கு. எலும்பில் சிக்கிய இரும்பை யாரோ நிதானமாக அசைத்து அசைத்துப் பிடுங்கினார்கள். ஐந்து. அலறல் கொப்பளிப்பாகத் தேய்ந்தது.

“போலீஸுக்குச் சொல்லிட்டேன்!” தார்மோ சர்வர் அறைக்குள் ஓடினான். “நான் கேபிளப் பிடுங்கறேன்!” கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது.

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். அடிகள் நின்றிருந்தன.

மௌனம்.

பிறகு ஓர் இரைச்சல். ஒரே சுருதியில். தூங்கும் மிருகத்தின் மூச்சு.

மின்விசிறிகள்.

வீட்டில் மின்விசிறி கிடையாது.

சுவருக்கு அப்பால் ஒரு கனத்த ஓசை. அதே ஓசை போனுக்குள்ளும். தார்மோ ஒருமுறை கத்தினான். இரண்டாம் முறை கத்தவில்லை.

“தார்மோ?”

அவள் வீட்டு அடுப்பில் எரியும் பிர்ச் விறகின் புகைவாடை. சர்வர் அறைக் கதவின் அடியிலிருந்து பனி நீர் கசிந்து வந்தது. சிவப்பாக.

சர்ர். சர்ர். யாரோ பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. மரியாதையாக.

திரை மாறியிருந்தது. ‘நம்பலாமா?’ அவள் கைகள் மடியில் இருந்தன. ‘ஆம்’ என்ற எழுத்துகள் தாமே விழுந்தன.

விளக்கு அணைந்து எரிந்தது.

சர்வர் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே யாரும் நிற்கவில்லை. சிவந்த பூட்ஸ் தடங்கள் அங்கிருந்து அவள் நாற்காலியின் பின்புறம் வரை வந்து நின்றிருந்தன. எதிரே, அவளுடைய அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவளுடைய வீட்டு விளக்குமாறு. நேர்த்தியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குச்சிகளின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே யாரும் இல்லை என்று.