மூடக்கூடாத மேல் படுக்கை

பதினோரு மணிக்கே துறைமுகம் வந்தவர்களுக்கு இரண்டரை மணிக்குத்தான் கப்பலில் அறை கிடைத்தது. மூன்று வரிசைகளில் கால் கடுக்க நின்றாயிற்று. அதில் ஒன்று தங்களுக்கான வரிசையே இல்லை என்பது முன்னால் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் மூன்று வருஷம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பு இது. முதல் நாளே வெறுத்துப்போனது.

நாலு வயது மகள் சிட்டு அவன் தோளில் கிடந்து சிணுங்கினாள். மதியம் தூங்காவிட்டால் அவள் ஊரையே இரண்டாக்கிவிடுவாள். தூங்க வேண்டுமென்றால் அவளுடைய மஞ்சள் போர்வை வேண்டும். போர்வை பெட்டிக்குள் இருந்தது. பெட்டி எங்கே இருந்தது என்பது கப்பலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு கட்டில், சிட்டுவுக்குச் சுவரோரமாக ஒரு சோபா. அதற்கு நேர் மேலே, சுவரிலிருந்து கீழே இறக்கி விரித்த இன்னொரு படுக்கை. வெள்ளை விரிப்பு, சின்னத் தலையணை, ஏணி.

"மூணு பேருக்கு எதுக்குங்க நாலு படுக்கை?" என்றாள் மனைவி.

"இவ ஏறி விழுந்து வைப்பா. இரு, மூடிடுறேன்."

தூக்கிச் சுவரோடு அழுத்தினான். கொக்கி டக்கென்று விழுந்தது. பதினாறு வருஷம் லிஃப்ட் கதவுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு ஒழுங்காக விழுந்த கொக்கியின் சத்தம் தெரியாதா?

கப்பல் கிளம்புமுன் எல்லாப் பயணிகளையும் மேல்தளத்தில் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைத்தார்கள். போய் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினால், மேல் படுக்கை கீழே இறங்கியிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மூடினான். மூவருமாகப் பெட்டியைத் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். மறுபடியும் இறங்கியிருந்தது. இந்த முறை தலையணையில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது.

அறையைக் கவனிக்கும் அம்மாளை மணி அடித்து வரவழைத்தான்.

"என்னம்மா விளையாடுறீங்களா? நான் மூட மூட நீங்க திறந்து வைக்கிறீங்க!"

"நான் தொடல சார்." அந்த அம்மாளின் குரல் தணிந்தது. "இந்த ரூம்ல நாங்க அதை மூடுறதில்ல. திறந்தே இருக்கட்டும்."

"ஏன்?"

"பழக்கம் சார்."

"உங்க பழக்கத்துக்கு என் பொண்ணு விழுந்து மண்டைய உடைச்சுக்கணுமா? சாவி இருக்குல்ல? பூட்டுங்க!"

அவர் சிட்டுவின் அம்மாவைப் பார்த்தார். அங்கேயும் அதே களைப்பும் கோபமும்தான். வேறு வழியில்லாமல் பூட்டினார். வாசலில் நின்று, "பாப்பாவ உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல படுக்க வைங்க" என்று கிசுகிசுத்தார். அவன் கதவைச் சாத்தினான்.

மூடிய படுக்கைக்குள்ளிருந்து மூன்று தட்டல்கள் கேட்டன.

"பைப்பு சத்தம்" என்றான்.

பிறகு சத்தமில்லை. ஈரத்துணியின் வாடை மட்டும் வந்தது. ஆச்சரியமாக, சிட்டுவின் அழுகை நின்றிருந்தது. சோபாவில் சாய்ந்தவள் போர்வைகூட இல்லாமல் அப்படியே தூங்கிப்போனாள். காலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு உயிர் வந்தது.

"விளிம்புல படுத்திருக்கா பாருங்க, விழுந்துடப்போறா" என்றாள் மனைவி.

சுவர்ப் பக்கம் பாதி சோபா காலியாகக் கிடந்தது. மெதுவாக அவளை உள்ளே தள்ளினான்.

நகரவில்லை.

சுவருக்கும் அவளுக்கும் நடுவே கையை விட்டான். விரல்கள் எதிலோ முட்டின. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது சில்லென்று இருந்தது.

"தள்ளாதப்பா." சிட்டு கண்ணைத் திறக்கவில்லை. "அங்க அக்கா படுத்திருக்கா. நீதான மேல பூட்டிட்ட."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து கத்தினான். அந்த அம்மாள் ஓடி வந்து, பூட்டைத் திறந்து படுக்கையை இறக்கினார். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"திறந்தாச்சுல்ல? மேல போயிடும்ல?" அவனுக்கு அழுகை வந்தது. தன் கோபத்தை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அதுக்குத்தான் சார் மூட வேணாம்னேன். துணை கிடைச்சப்புறம் தனியா மேல எதுக்குப் போகப்போகுது?"

கப்பலின் சங்கு ஒலித்தது. தரை மெல்ல அசைந்தது. கரையை விட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

சிட்டு திடீரென்று கனத்தாள். அவளுடைய தலை அவனுடைய இடது தோளில் இருந்தது. வலது தோளில் சட்டை ஈரமாயிற்று. அங்கே இன்னொரு சின்னத் தலை சாய்ந்து, வசதியாக ஒருமுறை புரண்டு, அடங்கியது.

அந்த அம்மாள் அவர்கள் பக்கம் பார்க்கவேயில்லை. விரிப்பையும் தலையணையையும் உருவி எடுத்தார். ஏணியைக் கழற்றினார். படுக்கையைத் தூக்கிச் சுவரோடு மூடினார்.

"இனிமே இதை மூடியே வைக்கலாம் சார்" என்றார்.