டேப்பின் மறுமுனை

"நீதானேக்கா மறுமுனையைப் பிடிச்சே, இப்ப வந்து இல்லேன்னா—"

"முழுசாக் கேளுடி! நான் பிடிச்சது முதல் ரூமுக்கு மட்டும். அதுக்கப்புறம்—"

"பதினோரு வார்டு அளந்திருக்கேன்! ஒவ்வொண்ணுக்கும் 'பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்'னு குரல் குடுத்தியே!"

"எனக்கு அந்தப் பினாயில் வாடை ஒத்துக்கலை. வெளியே வந்து கார்ல சாஞ்சவதான். நீ கண்ணாடியைத் தட்டுறவரைக்கும் எந்திரிக்கலை. வாட்ச்மேனை வச்சு அளந்திருப்பேன்னு நினைச்சேன்."

"அவர் கேட்டைத் திறந்துவிட்டதோட சரி. உள்ளே காலே வைக்கலையேக்கா!"

மேசைமேல் கிடந்த வரைபடத்தில் பேராசிரியர் போட்ட சிவப்பு வட்டங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

மூடிக்கிடக்கும் பழைய மருத்துவமனையை நூலகமாக மாற்றுவதுதான் சின்னவளின் கட்டடக்கலை மேற்படிப்புக்கான இறுதி வடிவமைப்பு. போன வருஷம் ஒரு முறை தோற்றாகிவிட்டது. இரண்டாவது வாய்ப்பு இது, மூன்றாவது கிடையாது. நடுவர்கள் நாளை மறுநாள் வருகிறார்கள். வட்டங்களுக்குக் காரணம் சின்ன விஷயம்தான். அறைகளின் உள் அளவோடு சுவர்களின் கனத்தைக் கூட்டினால் கட்டடத்தின் வெளி அளவு வரவேண்டும். வரவில்லை. வார்டுக்குப் பத்து அங்குலம் உதைத்தது. அவசரத்தில் எல்லா மாணவர்களும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். உதைத்த பத்து அங்குலத்தையும் சத்தமில்லாமல் சுவரில் சேர்த்துவிட்டாள். "ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, கோட்டையா? திரும்ப அளந்துட்டு வா" என்றிருந்தார் பேராசிரியர்.

அக்கா பிடித்த முதல் அறை மட்டும் இம்மி பிசகாமல் சரியாக இருந்தது.

"டேப் கொக்கி வளைஞ்சிருக்கும்டி," என்று அக்கா குடையை எடுத்தாள். "வேற ஒண்ணும் இருக்காது. பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காம அதைப் பாரு. நான் போய் மத்த ஷீட்டையெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன். மழை வந்தா கரண்ட் போயிடும், ஜெனரேட்டர் இருக்கிற கடையாத் தேடணும் வேற."

வாசல் கதவு அறைந்து மூடிக்கொண்டது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலை ஐந்து மணிக்கே ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல மங்கிப்போக, கரண்ட் போய் மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்று, அந்த நிசப்தத்தில் பசை காயும் நெடியும் வெட்டிய அட்டையின் வாசனையும் மெல்ல எழுந்து அறையை நிறைத்தன. மேசைமேல் மாதிரிக் கட்டடம் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. அதன் அறைகளில், ஆள் உயரம் தெரிவதற்காக அவள் ஒட்டிவைத்த காகித மனிதர்கள் நின்றார்கள். சுவர்களின் கனம் இப்போது அவள் கண்ணையே உறுத்தியது. ஒரு ஆளை நிற்கவைத்துப் பூசிவிடலாம் போலிருந்தது.

டேப்பின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொக்கி வளையவில்லை.

சரி, கொக்கி சுவரில் படாமல் எப்படிப் பத்து அங்குலம் குறையும்? கையை நீட்டிப் பிடித்தால் இரண்டடி குறையும். பதினோரு இடத்திலும் ஒரே போலக் குறைவதற்கு ஒரு வழிதான் அவளுக்குத் தோன்றியது. எழுந்துபோய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கொக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். நெஞ்சுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

ஒன்பதரை.

பிடித்தவர் அவளைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அந்த வார்டுகள் நினைவுக்கு வந்தன. பலகையடித்த ஜன்னல்கள். இருட்டுக்குள் தரையோடு அவள் தள்ளிவிட்ட டேப். அந்தப் பக்கம் அதை யாரோ வாங்கிக்கொண்ட அந்த மெல்லிய இழுப்பு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு பொறுப்பாக வாங்கிக்கொண்டது!

அப்போது நடையில் செருப்பு உரசும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியாக்கா?"

"ம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை வந்தே! உன் பயமுறுத்தல்ல எனக்குக் கிறுக்கே பிடிச்சிடும் போல. அங்கேயே வாசக்கதவுகிட்ட நில்லு. ஒரே ஒரு அளவு."

அவள் அறை நிலைப்படியிலிருந்து வாசல் கதவு வரை அந்த நடை இருபத்திரண்டு அடி. முதலாம் ஆண்டில் வீட்டை அளந்து வரச் சொன்னபோது அளந்தது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். டேப் சரிதானா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நடையில் ஜன்னல் கிடையாது. நாலடிக்கு அப்பால் கும்மிருட்டு. டேப்பைத் தரையோடு தள்ளினாள். தகடு சரசரவென்று இருட்டுக்குள் ஓடியது. ஈரச் சுண்ணாம்பும் பழைய பினாயிலும் கலந்த வாடை வந்தது. மழை என்று நினைத்துக்கொண்டாள்.

மெல்லிய இழுப்பு.

"பிடிச்சியாக்கா?"

"பிடிச்சிட்டேன்."

செல்போன் திரை வெளிச்சத்தில் குனிந்து படித்தாள். இருபத்தொரு அடி, இரண்டு அங்குலம்.

பத்து அங்குலம் குறைவு.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் அக்காவின் படம். விரல் தானாகத் தொட்டது.

"ஏண்டி, எத்தனை ஷீட்டுன்னே சொல்லாம அனுப்பிட்டே! இங்கே வரிசை ரோடு வரைக்கும் நிக்குது, குடையை வேற காத்து பிச்சிருச்சு. கேக்குதா? லைன்ல இருக்கியா?"

வாசல் கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை. இப்போதுதான் உறைத்தது.

"ஏய், பேசுடி..."

டேப் விறைப்பாகவே இருந்தது. பிறகு, அவள் கைக்குள் இருந்த பெட்டி தகட்டை உள்ளே வாங்க ஆரம்பித்தது. வேகமாக அல்ல. யாரோ நுனியைப் பத்திரமாகப் பிடித்தபடி நடந்து வரும் வேகத்தில். இருபது. பத்தொன்பது. விட்டுவிட நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. பதினான்கு. செருப்பு உரசவில்லை இப்போது. வெறுங்கால். பினாயில். ஒன்பது. ஆறு. போனில் அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்கு. வெளிச்சத்தின் விளிம்பில், நுனியைப் பற்றிய விரல்கள். நகமெல்லாம் சுண்ணாம்பு.

அக்காவின் குரலிலேயே அது சொன்னது:

"இந்தத் தடவையாவது என்னைச் சுவத்துல சேக்காதடி."